செங்கற்கல்லும் வெட்டுகல்லும்: ஒரு கலைச்சொல்லின் கட்டட வரலாறு

1800ஆம் ஆண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன் மலபாரிலுள்ள அங்காடிப்புரத்தை அடைந்தார். நிலத்தினின்று வெட்டியெடுத்த செந்நிறக் கல்லைக்கொண்டு மக்கள் சுவர் எழுப்புவதைக் கண்டார். 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் அக்கல்லுக்கு 'லேட்டரைட்டு' எனப் பெயரிட்டார். இலத்தீனில் 'லேட்டர்' என்பது செங்கல். இப்பெயரைப் புக்கானனின் சொந்தப் படைப்பாகவே பலரும் கருதுவர். அவரோ, அவ்வட்டார வழக்கில் அது செங்கற்கல் எனப் பொருள்படும் 'இட்டிகக் கல்லு' எனப்படுவதையும் அவ்விடத்திலேயே குறித்துள்ளார். எனவே, உலகெங்கும் மண்ணியலார் வழங்கும் இச்சொல் ஒரு மொழிபெயர்ப்பே எனலாம். மூலம், கொத்தர்களின் வாய்ச்சொல்.

அச்சொல் பிறந்ததற்குக் காரணம் மண்ணிலேயே உள்ளது. நீண்ட காலம் பெய்யும் பெருமழை பாறையிலுள்ள மணற்சத்தைக் கரைத்துச் செல்ல, இரும்பும் அலுமினியமும் எஞ்சிச் செறிகின்றன. இவ்வாறு உருவாகும் கல், பூமிக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவிக்கு எளிதில் இணங்கும். வெட்டிக் காற்றில் இட்டபின் இறுகும். ஆதலின் சூளையும் விறகுமின்றியே செங்கல் கிடைத்தது. மலையாளத்தில் இன்றும் நிலவும் 'வெட்டுகல்லு' என்னும் பெயர் இத்தொழிலையே சுட்டுகிறது. எனினும் இக்கல் நுண்துளை மிக்கது, நீரை உறிஞ்சும். ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் மலபாரில், செங்குத்தாகச் சரிந்த கூரையும் சுவரைக் கடந்து நீளும் இறவாரமும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல.

இவ்வறிவு புறக்கணிக்கப்பட்டதற்குக் கோவா சான்று. 1605இல் திருநிலைப்படுத்தப்பட்ட பொம் ஜேசு பேராலயத்தின் வெளிச்சுவர்களில் சுண்ணப் பூச்சு இருந்தது. கல்லின் பழமைத் தோற்றம் புலப்பட வேண்டுமென 1950களில் அது அகற்றப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு பருவமழையும் அச்சுவர்களை அரித்து வருகிறது.

தமிழில் பாடநூல்கள் 'சரளை மண்' என்கின்றன. வேளாண்மை பேசுமிடத்து அது பொருந்தும். ஆனால் சரளையால் எவரும் சுவர் கட்டுவதில்லை. 'வெட்டுக்கல்' எனின், செதுக்கிய கருங்கல்லும் அதனுள் அடங்கிவிடும். நிறத்தையும் துளையையும் ஒருங்கே உணர்த்தும் 'செம்புரைக்கல்' இருக்க, 'லேட்டரைட்டு' என ஒலிபெயர்த்து அமைவது, நம்மவர் சொல்லொன்றை இலத்தீன் வழியாகக் கடன் வாங்குவதாகும். புக்கானனைத் தமிழாக்குவோர் கட்டடம் பேசும் இடங்களில் செம்புரைக்கல் என்றே வழங்குவது தகும். 'இட்டிகக் கல்லு' என அவர் குறித்ததை மட்டும் மாற்றாது விடல் வேண்டும்.