கப்பல் மோதல்: இழப்பு யார் தலையில்?

கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டால் இழப்பை யார் ஏற்பது? ரோமானியச் சட்ட அறிஞர்கள் தவறு இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாலுமியின் கவனக்குறைவு என்றால் வழக்குத் தொடுக்கலாம். காற்று தள்ளியதால் நேர்ந்தது என்றால் வழக்கில்லை. இடைக்கால ஐரோப்பாவோ வேறு வழியில் போனது.

பிரான்சின் மேற்குக் கரையை ஒட்டிய ஒலெரோன் தீவின் பெயரால் வழங்கும் கடல் சட்டத் தொகுப்பு, திராட்சை மது ஏற்றிச் சென்ற கப்பல்களின் உலகில் பிறந்தது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்மீது இன்னொன்று வந்து மோதினால், மோதிய கப்பலின் தலைவனும் மாலுமிகளும் வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் சேதம் சரிபாதி. நின்ற இடத்தில் நின்ற கப்பல் ஏன் பாதியைச் சுமக்க வேண்டும்? தொகுப்பே காரணம் சொல்கிறது: முழு இழப்பீடு கிடைக்குமென்றால், உளுத்துப்போன கப்பலை வைத்திருப்பவர் அதை நல்ல கப்பலின் வழியில் வேண்டுமென்றே நிறுத்திவிடுவார். மோசடியைத் தடுத்த விதிதான். ஆனால் நேர்மையானவரும் அதே தண்டனையைச் சுமந்தார்.

இங்கிலாந்தில் 1815இல் ‘வுட்ராப் சிம்ஸ்’ வழக்கில், பின்னாளில் ஸ்டோவெல் பிரபுவான நீதிபதி வில்லியம் ஸ்காட், ஒரு தரப்பு மட்டும் தவறு செய்திருந்தால் இழப்பு முழுவதும் அதற்கே என்று தெளிவாக்கினார். இரு தரப்பும் தவறு செய்திருந்தால்? பாதிக்குப் பாதிதான். 1824இல் பிரபுக்கள் அவையும் அதை உறுதிசெய்தது. சிறு பிழை செய்தவரும் பெரும் பிழை செய்தவரும் ஒரே தொகையைக் கட்டினார்கள்.

இந்த அநீதியை முடித்தது 1910 செப்டம்பர் 23 அன்று பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான உடன்படிக்கை. தவறின் அளவுக்கேற்ப இழப்பைப் பங்கிட வேண்டும், அளவிட முடியாதபோது மட்டும் சமமாக. அமெரிக்கா இதில் சேரவில்லை. அங்கே பழைய விதியை வீழ்த்தியது ஒரு மோதல் வழக்கே அல்ல. 1968இல் ‘மேரி ஏ. வேலன்’ என்ற எண்ணெய்க் கப்பல் நியூயார்க் அருகே தரைதட்டியது. கடலோரக் காவல்படை பராமரிக்க வேண்டிய விளக்கு எரியவில்லை. கப்பலின் தவறு 75 விழுக்காடு, காவல்படையின் தவறு 25 என்று கணித்த நீதிமன்றமே இழப்பைப் பாதியாகப் பிரிக்க நேர்ந்தது. 1975இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைக் கைவிட்டது.

பணம் போகட்டும், சிறை? 1926 ஆகஸ்ட் 2 இரவு ஏஜியன் கடலில் பிரெஞ்சுக் கப்பல் ‘லோட்டஸ்’ மோதியதில் துருக்கியின் ‘போஸ்-குர்ட்’ மூழ்கி 8 பேர் இறந்தனர். பிரெஞ்சு அதிகாரிக்குத் துருக்கி நீதிமன்றம் 80 நாள் சிறைத்தண்டனை விதித்தது. அது சர்வதேசச் சட்டத்துக்கு முரணல்ல என்று 1927இல் ஹேக் நகர நிரந்தர சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குகள் சமமாகப் பிரிய, தலைவரின் வாக்குதான் முடிவு செய்தது. கப்பல் துறையில் எழுந்த எதிர்ப்பு ஓயவில்லை. 1952, 1958 உடன்படிக்கைகளும், பின்னர் 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் 97ஆவது பிரிவும் நிலையை மாற்றின. ஆழ்கடல் மோதலுக்காகக் கப்பலின் கொடி நாடோ, அதிகாரியின் சொந்த நாடோ மட்டுமே குற்ற நடவடிக்கை எடுக்கலாம்.

இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 345ஆவது பிரிவு பிரஸ்ஸல்ஸ் விதியையே பின்பற்றியது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் அருகே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ கப்பல்கள் மோதியபோது அதன் எல்லை தெரிந்தது. சென்னைக் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ள வேண்டியிருந்தது. மீனவர்களின் பிழைப்பு நின்றது. இரு கப்பல்களும் தங்களுக்குள் பங்கிடுவதைச் சொல்லும் விதியில் மூன்றாமவரான மீனவருக்கு விரைவான வழி இல்லை. எரிபொருள் எண்ணெய்க் கசிவுக்கான 2001ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை அதற்கு வழி சொல்கிறது: தவறு யாருடையதானாலும் எண்ணெய் கசிந்த கப்பலின் உரிமையாளரே முதலில் இழப்பீடு தர வேண்டும். ஆனால் அந்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் கொண்டே அதைக் கணக்கிடுகிறார்கள்.