ஸ்மிதா பாட்டில்

ஸ்மிதா பாட்டில் (அக்டோபர் 17, 1955 - டிசம்பர் 13, 1986) இந்தியத் திரைப்பட நடிகை ஆவார். இந்தி, மராத்திப் படங்களில் பெரிதும் அறியப்பட்ட இவர் குசராத்தி, வங்காளம், மலையாளம், கன்னடம் முதலிய மொழிப் படங்களிலும் நடித்துள்ளார். 1970களில் வலுப்பெற்ற மாற்றுத் திரைப்பட இயக்கத்தின் முதன்மையான கலைஞர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். சிறந்த நடிகைக்கான தேசிய விருதை இருமுறை பெற்றவர். ஏறத்தாழ 12 ஆண்டுகளே நீடித்த இவரது திரைவாழ்வு, 31ஆவது வயதில் ஏற்பட்ட மரணத்தால் முடிவுற்றது.

இளமைக் காலம்

ஸ்மிதா மகாராட்டிர மாநிலம் புனே நகரில் பிறந்தார். தந்தை சிவாஜிராவ் பாட்டில் விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். தாயார் வித்யாதாய் சமூக சேவகர். 1970களின் தொடக்கத்தில் ஸ்மிதா பம்பாய் தூர்தர்சனில் மராத்திச் செய்தி வாசிப்பாளராகப் பணியாற்றினார். புனே திரைப்படக் கல்லூரி மாணவராக இருந்த அருண் கோப்கர் இயக்கிய குறும்படம் ஒன்றிலும் நடித்தார்.

திரைத்துறையில்

இயக்குனர் சியாம் பெனகல், தமது சரண்தாஸ் சோர் (1975) என்னும் சிறுவர் படத்தின் மூலம் இவரைத் திரையுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதனைத் தொடர்ந்து பெனகலின் நிசாந்த் (1975), மந்தன் (1976) ஆகிய படங்களில் நடித்தார். குசராத்தின் பால் கூட்டுறவு இயக்கத்தைக் கருவாகக் கொண்ட மந்தன், 5 இலட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் வழங்கித் தயாரித்த படமாகும். இதில் ஸ்மிதா பிந்து என்ற ஏழைக் கிராமப் பெண்ணாக நடித்தார்.

பூமிகா (1977) இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. மராத்தி நடிகை அம்சா வாட்கரின் தன்வரலாற்றைத் தழுவிய இப்படம், குடும்பத்தின் வருவாய்க்காகச் சிறுவயதிலேயே நடிக்க வந்த ஒரு பெண், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க முயல்வதைச் சித்தரிக்கிறது. இதற்காகத் தமது முதல் தேசிய விருதைப் பெற்றபோது ஸ்மிதா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

ரவீந்திர தர்மராஜ் இயக்கிய சக்ரா (1981) படத்தில் பம்பாய்ச் சேரியில் வாழும் ஒரு தாயாக நடித்தமைக்கு இரண்டாவது தேசிய விருதும் பிலிம்பேர் விருதும் கிடைத்தன. இப்படத்தில் அவர் திறந்தவெளியில் குளிக்கும் காட்சி விளம்பரங்களில் முதன்மைப்படுத்தப்பட்டது. பெண்ணுடலைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் இத்தகைய போக்கை ஸ்மிதா நேர்காணலில் வெளிப்படையாகக் கண்டித்தார்.

மிருணாள் சென்னின் அகாலேர் சந்தானே (1980), சத்யஜித் ராயின் சத்கதி (1981) ஆகியவற்றிலும் நடித்தார். ஜப்பார் பட்டேலின் உம்பர்தா (1982) என்ற மராத்திப் படத்தில், குடும்பத்தை விட்டு வந்து பெண்கள் சீர்திருத்த இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்கும் பெண்ணாக நடித்தார். இது இவரது மிகச்சிறந்த நடிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வணிகப் படங்கள்

1982இல் வெளியான சக்தி, நமக் அலால் ஆகிய படங்களில் அமிதாப் பச்சனுடன் நடித்தார். கலைப்படங்களில் மட்டுமே நடிப்பவர் என அறியப்பட்டிருந்த இவரது இம்மாற்றம் விவாதத்திற்கு உள்ளானது. கலைப்பட இயக்குனர்களே பெயர்பெற்ற வணிகப்பட நடிகைகளை நாடித் தம்மைச் சில படங்களிலிருந்து விலக்கியதும் இம்முடிவுக்குக் காரணம் என்று ஸ்மிதா கூறியுள்ளார். எனினும் மண்டி (1983), அர்த் சத்யா (1983) போன்ற படங்களில் தொடர்ந்து நடித்து வந்தார்.

தமிழகத் தொடர்பு

ஜி. அரவிந்தன் இயக்கிய சிதம்பரம் (1985) என்ற மலையாளப் படத்தில் சிவகாமி என்னும் தமிழ்ப் பெண்ணாக நடித்தார். மலைப்பகுதிக் கால்நடைப் பண்ணை ஒன்றில் பணிபுரியும் முனியாண்டியை மணந்து அங்கு வரும் சிவகாமியின் வாழ்க்கை, பண்ணை அலுவலர் ஒருவரால் சிதைவதே கதையாகும். படத்தின் இறுதிக் காட்சிகள் சிதம்பரம் நடராசர் கோயிலில் நிகழ்கின்றன. இப்படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

மறைவு

ஸ்மிதா நடிகர் ராஜ் பப்பரை மணந்தார். 1986 நவம்பர் 28 அன்று இவர்களுக்கு மகன் பிறந்தான். மகப்பேற்றுக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் இரண்டு வாரங்களில், டிசம்பர் 13 அன்று ஸ்மிதா காலமானார். நடித்து முடித்திருந்த பல படங்கள் அவரது மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. அவற்றுள் கேதன் மேத்தாவின் மிர்ச் மசாலா (1987) குறிப்பிடத்தக்கது. அதிகாரியின் இச்சைக்கு இணங்க மறுத்து மிளகாய்த்தூள் ஆலைக்குள் தஞ்சம் புகும் சோன்பாய் என்ற பாத்திரத்தை இதில் ஏற்றிருந்தார். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் மிளகாய்த்தூளையே ஆயுதமாக்கி அவ்வதிகாரியை எதிர்ப்பதுடன் படம் நிறைவடைகிறது.

இவரது மகன் பிரதீக்கும் திரைப்பட நடிகர் ஆவார்.

விருதுகளும் சிறப்புகளும்

1977 - சிறந்த நடிகைக்கான தேசிய விருது (பூமிகா)
1980 - சிறந்த நடிகைக்கான தேசிய விருது (சக்ரா)
1985 - பத்மசிறீ விருது
2013 - இந்தியத் திரைப்பட நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது
2024 - புதுப்பிக்கப்பட்ட மந்தன் திரைப்படம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது