பேராக் தமிழ்க் குழந்தைகளின் உரிமைகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தமிழ்க் குழந்தைகளின் உரிமை வரலாறு ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தது. தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொன்ன 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அதன் தொடக்கம். தாய், தந்தை இருவரும் சம்மதிக்காமல் குழந்தையின் மதத்தை மாற்ற முடியாது என்று ஈப்போ வழக்கொன்றில் 2018இல் கிடைத்த தீர்ப்பு அதன் பெரும் திருப்பம். இந்தக் காலம் நெடுகிலும் குழந்தை பெரும்பாலும் வேறு யாருக்கோ உரிய ஒன்றாகவே எண்ணப்பட்டது. தோட்டத்துக்கு அது நாளைய தொழிலாளி. பதிவு அலுவலகத்துக்கு அது பெற்றோர் பத்திரத்தின் தொடர்ச்சி. குழந்தையிடமே ஒரு சொல் கேட்கலாம் என்ற எண்ணம் மிகத் தாமதமாகத்தான் வந்தது.

தோட்டக் காலம்

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பல தோட்டங்களில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் காலி அறையோ ஒரு கொட்டகையோ பள்ளியானது; எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) ஆசிரியரானார். பள்ளி இருந்தால் தொழிலாளர் குடும்பத்தோடு தங்கிவிடுவர் என்ற கணக்கு இதில் இருந்தது. பிள்ளை படித்து வெளியேறும் என்ற எதிர்பார்ப்பு நிர்வாகத்துக்கு இருக்கவில்லை.

கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போனார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரோடு ரப்பர் மர நிரைக்குச் சென்று பால் வடியும் மங்கு துடைத்தார்கள், உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கினார்கள். இளம் வயதினரை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966இல் வந்தது. ஆனால் நிறுத்துக் கூலி கொடுக்கும் இடத்தில் அதன் கை எட்டவில்லை. பால் எடை அப்பாவின் பெயரில் பதிவாகும். அதில் சேர்ந்திருந்த பிள்ளையின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறாது. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் உதிரிப்பழம் பொறுக்கிய பிள்ளைகளின் நிலையும் இதுதான். ஏட்டில் இல்லாத பிள்ளைக்குச் சட்டம் எதைக் காக்கும்?

தொடக்கக் கல்வி 2003இல் கட்டாயமானது. இன்று பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்த பின்னும் பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே சுமந்து நிற்கின்றன.

பிறப்புப் பத்திரம்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணப் பதிவு 1982 மார்ச் 1 முதல் கட்டாயமானது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதையே போதுமென்று எண்ணியவர்கள் அதன் பிறகும் பலர். பதிவில்லாத மணத்தில் பிறந்த குழந்தைக்கு, கூட்டரசு அரசியலமைப்பின்படி, தாயின் குடியுரிமை நிலையே பொருந்தும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தந்தை குடிமகனாகவே இருந்தாலும் பிள்ளைக்கு அவர் வழியில் குடியுரிமை கிடையாது. பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைக் கட்டணம், பின்னாளில் வேலை, வங்கிக் கணக்கு என எல்லாம் இந்த ஒரு முடிச்சில் சிக்கும். பெரியவர்கள் விட்ட குறைக்குப் பிள்ளையைத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் கிடையாது. இந்தியச் சமூகத்தினரிடையே விடுபட்ட பதிவுகளைத் திரட்ட அரசு 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கத்தை நடத்தியது.

பள்ளித் தண்டனை

1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் மாணவியரைப் பிரம்பால் அடிப்பதைத் தடுக்கின்றன. மாணவர்களை அடிக்க இடம் தருகின்றன. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. மலேசியா 1995இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றபோது சில பிரிவுகளுக்கு விலக்குக் கேட்டது. குழந்தையின் கருத்துக்குச் செவிகொடுக்கச் சொல்லும் 12ஆவது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

இந்திரா காந்தி வழக்கு

ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை மு. இந்திரா காந்தி. 2009 மார்ச்சில் இஸ்லாத்தைத் தழுவிய அவருடைய கணவர், அம்மாத இறுதியில் 11 மாத இளைய மகளைத் தூக்கிச் சென்றார். ஏப்ரல் 2ஆம் தேதி மூன்று பிள்ளைகளும் மதம் மாறியதாகச் சான்றிதழ் பெறப்பட்டது. அப்போது மூத்த பிள்ளைகளுக்கு வயது 12, 11. மூவரில் ஒருவர்கூட மதமாற்றப் பதிவாளர் முன் நேரில் இல்லை; தாய்க்கும் தெரியாது.

ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஈப்போ உயர் நீதிமன்றமோ 2010 மார்ச்சில் மூவரையும் தாயிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. ஒரே பிள்ளைகளுக்கு இரண்டு நீதிமன்றங்களின் இரண்டு ஆணைகள். 2013 ஜூலை 25இல் அதே உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை ஆணையர் லீ சுவீ செங் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 டிசம்பர் 30இல், ஒரு நீதிபதி மாறுபட, அதை மாற்றியது.

2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இந்திராவின் பக்கம் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. பேராக்கின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமிய நிர்வாகச் சட்டமே மதம் மாறுபவர் கலிமா சொல்ல வேண்டும் என்கிறது. பிள்ளைகள் சொல்லவில்லை, ஆகவே சான்றிதழ் வழங்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்றது தீர்ப்பு. பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்றும், அரசு அதிகாரிகளின் செயலை ஆராயும் பொறுப்பைச் சிவில் நீதிமன்றங்களிடமிருந்து பறிக்க முடியாது என்றும் அது கூறியது.

பெற்றோரின் சம உரிமைக்குக் கிடைத்த வெற்றியாகவே இது அதிகம் பேசப்படுகிறது. அது சரியே. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் மனத்தைச் சொல்லத் தெரியும். மணமுறிவில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும்போது, கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருத வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 88ஆவது பிரிவு கூறுகிறது. சான்றிதழ் எழுதப்பட்ட அன்று மூத்த பிள்ளைகள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. வழக்கின் மையக் குறை அதுவே.

இளைய மகளை ஒப்படைக்காத தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் காவல்துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் இளைய மகள் தாயிடம் வந்து சேரவில்லை.

பெற்றோர் இருவரின் சம்மதத்தைச் சட்டமாகவே எழுத 2016இல் அதே திருமணச் சட்டத்துக்கு 88ஏ என்ற பிரிவு முன்மொழியப்பட்டது. 2017இல் நிறைவேறிய திருத்தத்தில் அது கைவிடப்பட்டது. எனவே காப்பு தீர்ப்பில் மட்டுமே இருக்கிறது. பெர்லிஸ் மாநிலத்தில் இதேபோல் மதம் மாற்றப்பட்ட மூன்று பிள்ளைகளின் வழக்கில், அந்தத் தீர்ப்பைப் பின்பற்றியே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் மதமாற்றத்தைச் செல்லாததாக்கியது. அதை எதிர்க்க அனுமதி கேட்ட மனுவைக் கூட்டரசு நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் தள்ளுபடி செய்தது.