பங்காளி வீடும் புது பாத்ரூமும்

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறதப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் நேரா செட்டிநாட்டுக்குப் போயிடுவாங்க. பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூச்சு... எல்லாம் சரிதான். ஆனா அந்த வீடுகள் எப்படிக் காலியாச்சுன்னு பாத்தா, அதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு.

நகரத்தார் பணம் பர்மாவில் வட்டிக்கு நின்றது. 1930-களில் அரிசி விலை விழுந்ததும் கடன் வாங்கியவர்களிடமிருந்து நிலம்தான் திரும்பி வந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்க சட்டம் போட்டது. முதலே போச்சு. ஊரில் வீடு மட்டும் நின்றது. பங்காளிகள் பெருகினார்கள், பிழைப்பு தேடி வெளியூர் போனார்கள். ஒழுகுற ஓட்டை யார் மாத்துறது? தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. தப்பித்த சில வீடுகள் ஹோட்டல் ஆயின. கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் மாதிரி. நல்ல விஷயம்தான். ஆனா அங்க தங்குறது விருந்தாளி, வீட்டுக்காரர் இல்ல.

வீட்டுக்காரர் இருக்கும்போதே காப்பாத்த முடியுமா? முடியும்னு புதுச்சேரி வைசியாள் வீதி காட்டியது. கீழே திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னலுமாக நிற்கும் தமிழர் வீடுகள். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய யூனியனின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவை எடுத்துக்கொண்டது. செலவில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. திட்டம் சீர் செய்தது தெருப் பக்க முகப்பை. உள்ளே குடும்பங்கள் பாட்டுக்கு வாழ்ந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் வந்தது.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். போடி பக்கம் பொட்டிபுரம். (நியூட்ரினோ நியூஸ்ல அடிபட்ட அதே ஊர்தான் :-)) அங்க அப்பத்தா வீடு ஐந்து பங்கு. செங்கல், சுண்ணாம்புச் சுவர், மர உத்தரம். பெரியப்பா இடிச்சிடலாங்கிறார். சித்தப்பா சிமெண்ட் பூசிடலாங்கிறார். ரெண்டு பேருக்கும் உண்மையான குறை ஒண்ணுதான்: வீட்டுக்குள்ள கக்கூஸ் இல்ல. ராத்திரி எழுந்தா கொல்லைக்குப் போகணும். எண்பது வயசு அப்பத்தாவுக்கு அது சின்ன விஷயமா?

சிமெண்ட் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுடும். மேலே சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கொஞ்ச நாள்ல பூச்சு பாளம் பாளமா உதிரும். அதனால நான் சொன்னது இது: பழைய சுவரை ஒட்டாம, பின்கட்டுக்குப் பக்கத்துல தனி அஸ்திவாரத்துல ஒரு பாத்ரூம். நடுவுல கூரை போட்ட நடை, படி கிடையாது. தண்ணிக் குழாய் எதுவும் சுண்ணாம்புச் சுவருக்குள்ள போகக் கூடாது. ஒயரிங் சுவரைக் கொத்தாம உத்தரத்து ஓரமா ஓடணும். செலவு ஐந்து பங்கு.

மூணு பங்கு சரின்னாச்சு. பெரியப்பாவும் சித்தப்பாவும் இன்னும் வாய் திறக்கல. சித்திரையில எல்லாரும் கூடுறோம். பங்காளிகளைச் சம்மதிக்க வச்ச அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருந்தா, கொஞ்சம் வழி சொல்லுங்கப்பா!