முழவின் முதற்பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கச்சிராயபாளையத்தைக் கடந்து, கல்வராயன் மலைமீது ஏறி வெள்ளிமலையை அடைகிறது. சில ஆண்டுகளுக்கு முன், புளி வாங்கச் சென்ற உறவினர் ஒருவருடன் நாமும் அங்குச் சென்றிருந்தோம். மரத்தடியில் ஒரு சிறுவன் தகரப் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து, இரு குச்சிகளால் தட்டிப் பழகிக்கொண்டிருந்தான். கை தட்டுமுன் அவன் வாய் தட்டியது. ‘டண்டணக்கு’ என்று ஒருமுறை சொல்லுவான். பிறகே குச்சியைத் தூக்குவான். அடி பிசகினால் கையைத் திருத்துவதில்லை, சொல்லைத் திருத்துவான். சொல் நேரானதும் கையும் நேராகிவிடும்.

மூட்டைகளை எடை பார்த்து முடிக்கும்வரை நாம் அவனையே பார்த்து நின்றோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த பிழையொன்று நெஞ்சில் வந்து உறுத்தியது. அதைச் சொல்லாமல் முழவின் வரலாற்றை எழுதப் புகுவது முறையன்று.

அந்நாளில் நாம் மதரஸா ஒன்றில் அரபி யாப்பிலக்கணமாகிய அரூழ் கற்பித்து வந்தோம். மாணவர்களுள் ஒருவர், ரமலான் இரவுகளில் தப்ஸ் கொட்டி ஊரை ஸஹருக்கு எழுப்பிய பாவா ஒருவரின் மகன். ‘ஃபஊலுன், மஃபாஈலுன்’ என்று வாய்பாடு ஒப்பிக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் பலகைமீது தட்டும். “இது ஓதும் இடமா, கொட்டும் இடமா?” என்று அதட்டி, பிரம்பால் விரல்மீது ஓர் அடியும் வைத்தோம். “அத்தா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, ஹழ்ரத்” என்றார் அவர். அதன்பின் அவர் விரல் அசையவில்லை. அரூழ் பாடமும் அவருக்கு ஏறவில்லை.

நாம் அடக்கிய அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் ஆராய்ந்தபோது நாணினோம். அரூழ்க் கலையை வகுத்தவர் கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹீதீ. அவர் செம்பு கொட்டுவோர் கடைவீதியில் நடந்து செல்கையில், சுத்தியல்களின் ஒழுங்கான ஓசையைக் கேட்டு இக்கலையின் வழியைக் கண்டார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அது நடந்த செய்தியோ, பின்னோர் புனைவோ, அதன் உட்பொருள் உண்மையானது. அரபிச் செய்யுள் அசைவுள்ள எழுத்தும் அசைவற்ற எழுத்தும் மாறிமாறி நிற்பதால் அமைகிறது. முழவோ அடியும் அமைதியும் மாறிமாறி நிற்பதால் அமைகிறது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. பக்தாதில் வாழ்ந்து 1294இல் மறைந்த இசையறிஞர் ஸஃபிய்யுத்தீன் அல்-உர்மவீயும் தாளங்களை விளக்குமிடத்து ‘தன்’, ‘தனன்’ என்னும் அசைகளையே பயன்படுத்தினார்.

‘தன், தனன்’ என்றதும் தமிழறிந்தோர் செவி விழித்துக்கொள்ளும். நம் சந்தப் பாக்களின் ஓசையை ‘தன, தான, தனன’ என்றுதானே குறிக்கிறோம்! நபி பெருமானார் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடிய காயல்பட்டினம் காசிம் புலவர் கையாண்டதும் அச்சந்தங்களையே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் கூறவரவில்லை. ஓசையை அளக்கப் புகுந்த இரு சமூகங்களும், அளவுகோலை நாவிலேயே கண்டெடுத்தன என்பதே நாம் வியப்பது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். அரபியின் ‘ஃபஊலுன்’ தமிழ்க் கணக்கில் நிரை நேர், அதாவது புளிமா. ‘ஃபாஇலுன்’ நேர் நிரை, கூவிளம். ‘மஃபாஈலுன்’ நிரை நேர் நேர்; புளிமாங்காய். வாய்பாடு என்ற சொல்லிலேயே வாய் இருக்கிறது. மிருதங்கம் பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு ஆசிரியர் முதலில் ‘த, தி, தொம், நம்’ என்று சொல்லிக் கொடுக்கிறார். அச்சொற்கட்டைக் கையால் தாளமிட்டு முதற்காலத்தில் மெல்லவும், இரண்டாம் காலத்தில் இருமடங்காகவும், மூன்றாம் காலத்தில் நான்மடங்காகவும் பிள்ளை சொல்லிப் பழக வேண்டும். வாயில் நில்லாத சொல் விரலில் நில்லாது. பறை பயில்வோர் வலக்கையில் தடித்த அடிக்குச்சியும், இடக்கையில் மெல்லிய சிம்புக்குச்சியும் பிடிக்கின்றனர். அவர்களுக்கும் ஒவ்வோர் அடியும் முதலில் சொல்லாகவே வருகிறது. தப்ஸ் பழகுவோருக்கும் இதுவே வழி. தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்கி, இடக்கையால் வளையத்தைத் தாங்கி, பைத்தின் சீரை நாவில் நிறுத்திய பின்னரே வலக்கை விரல் தோலைத் தொடும்.

இனி, “மார்க்கம் இதை ஏற்குமா?” என்று கேட்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தை ஒட்டிப் பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கு வந்து அமர்ந்தபோது, சிறுமியர் தஃப் கொட்டி, பத்ரில் உயிர் நீத்த தந்தையரைப் பாடிக்கொண்டிருந்தனர். நாளை நடப்பதை அறியும் நபி தங்களிடையே இருப்பதாக ஒரு சிறுமி பாடியதும், அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு அவர்கள் பணித்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. திருத்தப்பட்டது பாட்டின் பொருள்; தஃப் நிறுத்தப்படவில்லை. இமாம் கஸ்ஸாலீ (1058–1111) தம் இஹ்யாவில் நரம்புக் கருவிகளையும், ‘கூபா’ என்னும் இடை சிறுத்த முழவையும் விலக்கி, தஃப் முதலியவற்றை அனுமதித்தார். அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் பாங்குக்கு முன் நகரா முழங்கிய பள்ளிவாசல்கள் தமிழகத்தில் பல இருந்தன என்பதை மூத்தோர் அறிவர்.

தமிழ் மரபோ ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையை வைத்தது. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் எண்ணுகிறது. மலை நிலத்துக்குத் தொண்டகம், காட்டு நிலத்துக்கு ஏறுகோட்பறை, வயல் நிலத்துக்கு நெல்லரிகிணை என்று இலக்கண நூலோர் விரித்துரைத்தனர். புறநானூற்றின் 335ஆம் பாட்டு, உயர்ந்த குடிகளை எண்ணுமிடத்துத் துடியனையும் பறையனையும் சேர்த்தே எண்ணுகிறது. அத்தகைய கலைஞரைப் பிற்காலச் சமூகம் சேரிக்குத் தள்ளியது. முழவை வேண்டியது, முழவனை வேண்டவில்லை. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நெடுநாள் கடனில் ஒரு சிறு தவணை என்றே அதை நாம் கொள்கிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் வாசலைப் பார்ப்போம். ஸஹருக்கு எழுப்ப வந்த பாவாவைத் திண்ணைக்கு மேல் அழைத்தோமா? பெருநாளன்று அரிசியும் காசும் கொடுத்தோம். அவர் கையிலிருந்தது கல்வி என்று கருதினோமில்லை. ஒலிபெருக்கியும் கைபேசியும் எழுப்பும் வேலையை ஏற்றதும், அவர் மகன் வேறு தொழில் நாடினார். அண்டைக் கேரளத்தில் தஃப்முட்டு பள்ளிக் கலைவிழாவில் போட்டிக்குரிய கலையாக நிற்கிறது. பிள்ளைகள் ஆசிரியரைத் தேடிச் சென்று கற்கின்றனர். நம்மூர் இளைஞருக்கும் வழியில்லாமல் இல்லை. விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கமும் தவிலும் பாடங்களாக உள்ளன. தப்ஸ் மட்டும் பழைய கைகளிலேயே தங்கி, அக்கைகளோடு மறைந்து வருகிறது.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தாரர் ஆட்சியில் கிடந்து, ஏட்டுக்கல்வி பிந்தியே பரவிய நிலம். அங்கே ஒரு சிறுவன், பிரம்பின்றிப் பலகையின்றி, கலீல் வகுத்த முறையைத் தானே பயின்றுகொண்டிருந்தான். நாமோ அம்முறையை நூலில் கற்பித்துக்கொண்டே விரலில் அடித்திருந்தோம்.

மலையிலிருந்து இறங்கியதும் அந்தப் பழைய மாணவரைத் தேடினோம். கள்ளக்குறிச்சியில் சிறு கடை வைத்திருக்கிறார். பிழை பொறுக்க வேண்டினோம். “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன், ஹழ்ரத்” என்றார். மறக்கவில்லை என்பதை அவர் முகம் சொல்லியது. அத்தாவின் தப்ஸ் துணியில் சுற்றிப் பரணில் இருந்தது. நமக்கு ஒரு பாடம் சொல்லித் தரக் கேட்டோம். ஐம்பதைக் கடந்த விரல்கள் எளிதில் வளையுமா? முதல் நாள் கொட்டிய ஒவ்வோர் அடியும் தவறியது.

“முதல்ல வாயால சொல்லுங்க, ஹழ்ரத்” என்றார்.

‘ஃபஊலுன்’ என்று தொடங்கினோம்.