ஈய ரவையிலிருந்து எஃகு ரவைக்கு: அமெரிக்க வாத்து வேட்டைத் தோட்டாவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாத்து, பெருவாத்து போன்ற நீர்ப்பறவைகளைச் சுடுவதற்கு ஈய ரவை நிரப்பிய தோட்டாக்களைப் பயன்படுத்துவது 1991-92 வேட்டைப் பருவம் முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. வேட்டையின்போது அத்தகைய தோட்டாவைச் சட்டைப்பையில் வைத்திருப்பதே குற்றம். இருநூறு ஆண்டுகள் எவரும் கேள்வி கேட்காமல் பயன்படுத்திய ஓர் உலோகம் சதுப்பு நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட வரலாறு, பறவையியல், உலோகவியல், நீதிமன்றம், வேட்டைக்காரரின் பழக்கம் ஆகிய நான்கும் மோதிக்கொண்ட வரலாறு.

இக்கட்டுரையில் ரவை என்பது, ஒரே தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் அடைக்கப்படும் சிறு உலோக உருண்டையைக் குறிக்கிறது. தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கி பற்றிய செய்திகளில் ‘பால்ரஸ் குண்டு’ என்று வருவதும் ஏறத்தாழ இதுவே. இலங்கைத் தமிழில் எல்லாத் துப்பாக்கிக் குண்டுகளையும் ரவை என்பதுண்டு. இங்கு அப்பொருள் இல்லை.

ஈயம் ஏன்?

பறக்கும் வாத்தை ஒற்றைக் குண்டால் சுட்டு வீழ்த்துவது அநேகமாக இயலாத காரியம். எனவே ஒரே வெடிப்பில் பல ரவைகள் விரிந்து செல்லும் ஷாட்கன் துப்பாக்கி பறவை வேட்டைக்கு உரியதாயிற்று. ரவை தொலைவில் வேகம் இழக்காமல் செல்ல அது கனமாக இருக்க வேண்டும். துப்பாக்கிக் குழலைத் தேய்க்காமலிருக்க மென்மையாகவும், ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ள மலிவாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஈயத்தில் ஒன்றாக அமைந்திருந்தன. அதன் அடர்த்தி நீரைப்போல் 11.3 மடங்கு.

உருண்டையான ரவை செய்வது நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782-இல் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தைத் துளையிட்ட தட்டின் வழியாக உயரத்திலிருந்து விழச் செய்தால், மழைத்துளியைப் போல ஒவ்வொரு துளியும் காற்றிலேயே உருண்டையாகிவிடும். கீழே தண்ணீரில் விழுந்து இறுகும். இதற்காகத் தன் வீட்டின் மேலேயே அவர் கோபுரம் எழுப்பினார். பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய ரவைக் கோபுரங்கள் பரவின.

ரவையின் பருமன் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடினால் ரவை சிறிதாகும். அமெரிக்க முறையில் 17-இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் கிடைப்பது, ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு அளவில் அதன் விட்டம். 4-ஆம் எண் ரவை 0.13 அங்குலம், அதாவது 3.3 மி.மீ. 2-ஆம் எண் ரவை 0.15 அங்குலம், 3.8 மி.மீ. வாத்துக்கு 4 அல்லது 6, பெருவாத்துக்கு 2 என்பது தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்காக இருந்தது. அதற்குமேல் சிந்திக்க வேண்டியதில்லை.

சேற்றில் தங்கிய நஞ்சு

ஒரு தோட்டாவில் நூறுக்கும் மேற்பட்ட ரவைகள் உண்டு. வாத்தின் உடலில் படுபவை நான்கைந்து. மற்றவை தண்ணீரில் விழுகின்றன. அதே ஏரியில், அதே மறைவிடங்களிலிருந்து, தலைமுறை தலைமுறையாகச் சுட்டதால் சதுப்பு நிலங்களின் அடியில் ஈயம் சேர்ந்துகொண்டே போனது. தடைக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க ஈரநிலங்களில் ஆண்டுதோறும் விழுந்த ஈயம் ஏறக்குறைய 2,700 டன் என்று மதிப்பிடப்படுகிறது.

வாத்துக்குப் பல் இல்லை. தானியத்தை அரைக்க அது சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்கிறது. சேற்றைத் துழாவும் அலகுக்குக் கல்லும் ரவையும் ஒன்றுதான். விழுங்கிய ரவை கற்களோடு உரசித் தேய்கிறது. வயிற்று அமிலம் அதைக் கரைக்கிறது. ஈயம் இரத்தத்தில் கலந்தபின் முதலில் செயலிழப்பது செரிமான உறுப்பின் தசைகளே. பறவை உணவை விழுங்குகிறது, ஆனால் அது கீழிறங்குவதில்லை. எச்சம் பச்சை நிறமாகிறது. இறக்கைகள் கூரையைப் போலச் சரிந்து தொங்குகின்றன. மார்புத் தசை கரைந்து எலும்பு கத்தி முனையாகத் துருத்துகிறது. இரண்டு மூன்று வாரங்களில், வயிற்றில் தானியம் இருக்கும்போதே அது பட்டினியால் சாகிறது.

இச்சாவு கண்ணுக்குத் தெரியாதது. நலிந்த பறவை நாணலுக்குள் ஒளிந்துகொள்ளும், நரியோ பருந்தோ அதை எடுத்துச் செல்லும். ஏரிக்கரையில் நூறு வாத்துகள் ஒரே நாளில் செத்து மிதந்தால் செய்தியாகும். நாளுக்கு ஒன்றாக மூன்று மாதம் செத்தால் ஆகாது. தடை இத்தனை தாமதமானதற்கு அரசியலைவிட இதுவே முதற்காரணம் என்று தோன்றுகிறது.

கண்டறிந்தவர்கள்

இயற்கை ஆர்வலரும் இதழாசிரியருமான ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் தமது ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் 1894-இலேயே இதைப்பற்றி எழுதினார். டெக்சாஸ், வட கரோலினா நீர்நிலைகளில் செத்த பறவைகள் அப்போதே கவனிக்கப்பட்டிருந்தன. அவரும் வேட்டைக்காரரே. அவ்விதழின் வாசகரும் வேட்டைக்காரர்களே. இந்த வரலாறு முழுவதிலும் ஈயத்தை எதிர்த்தவர்களில் பலர் துப்பாக்கி பிடித்தவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேட்டையை எதிர்ப்பவர்களின் சூழ்ச்சி இது என்று பின்னாளில் சொல்லப்பட்டது வரலாற்றோடு பொருந்தவில்லை.

அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய அலெக்சாண்டர் வெட்மோர், யூட்டா மாநிலத்தின் பெரும் உப்பு ஏரியை ஒட்டிய பேர் ஆற்றுச் சதுப்பில் வாத்துகள் ஏன் மடிகின்றன என்று ஆராயச் சென்றார். மறைவிடங்களைச் சுற்றியிருந்த சேற்றைச் சலித்தபோது ரவைகள் கிடைத்தன. பிடித்துவைத்த வாத்துகளுக்கு ரவை ஊட்டியும் பார்த்தார். ஈய நஞ்சு பற்றிய அவரது அறிக்கை 1919-இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளரானார்.

காரணம் தெரிந்தது, அளவு தெரியவில்லை. அதைத் தேடியவர் இல்லினாய் மாநில இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ். அவர் கையாண்ட முறை எளியது. காட்டு மல்லார்ட் வாத்துகளைப் பிடித்து, சிலவற்றுக்கு மட்டும் ரவை ஊட்டி, எல்லாவற்றுக்கும் கால் வளையமிட்டுப் பறக்கவிட்டார். பின்னர் எந்த வளையங்கள் எப்போது திரும்பி வருகின்றன என்று கணக்கிட்டார். கண்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் வேட்டைக்காரர்கள் சுட்ட பறவைகளின் அரைவைப்பைகளைத் திரட்டி எத்தனையில் ரவை உள்ளது என்றும் பார்த்தார். 1959-இல் அவர் வெளியிட்ட மதிப்பீடு: வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு ஈய நஞ்சால் மடிகின்றன.

2 விழுக்காடு என்றால் சிறிய எண்ணாகத் தோன்றும். பல கோடிப் பறவைகளில் அது இருபது லட்சத்தை நெருங்கும்.

மாற்று உலோகம்

1930களில் மின்னசோட்டாவில் ஈயத்துடன் மக்னீசியம் கலந்து, ஈரத்தில் சிதைந்துவிடும் ரவை செய்யப் பார்த்தார்கள். அது கடைக்கு வரவில்லை. இரும்பு நஞ்சற்றது என்பது தெரிந்ததே. ஆனால் கடினமான இரும்பு உருண்டை குழலின் உட்புறத்தைக் கீறும். மென்மையாகப் பதப்படுத்திய இரும்பு, அதைக் குழலில் படாமல் தாங்கிச் செல்லும் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் ஆகிய இரண்டும் சேர்ந்தபின்தான் எஃகு ரவைத் தோட்டா 1970களில் நடைமுறைக்கு வந்தது. எஃகு என்று பெயரே தவிர, அது மென்னிரும்புதான்.

வேட்டைக்காரர்களின் மறுப்பில் நியாயமும் இருந்தது. எஃகின் அடர்த்தி 7.8 மட்டுமே. 4-ஆம் எண் ஈய ரவை ஒன்று ஏறத்தாழ 0.21 கிராம் இருக்கும். அதே பருமனில் எஃகு ரவை 0.15 கிராம்கூட வராது. இலேசான ரவை விரைவில் வேகம் இழக்கும். தொலைவில் பறவையைத் தொடும், ஆனால் உள்ளே இறங்காது. காயத்துடன் பறந்துபோய்ச் சாகும் வாத்தை நஞ்சால் சாகும் வாத்தோடு எப்படி ஒப்பிடுவது? ஒரு சாவைத் தவிர்க்க இன்னொன்றைக் கூட்டுகிறீர்கள் என்பதே அவர்களின் வாதம். 1970களிலும் 80களிலும் நடந்த துப்பாக்கிச் சோதனைகளில் பல இக்கேள்விக்கு விடை தேடியவை.

விடை, பழைய கணக்கை மாற்றுவதில் இருந்தது. எஃகுக்கு மாறும்போது இரண்டு எண் பெரிய ரவையை எடுக்க வேண்டும். 2-ஆம் எண் எஃகு ரவை சுமார் 0.22 கிராம். பழைய 4-ஆம் எண் ஈயத்துக்கு அது எடையில் ஈடாகிறது. பெருவாத்துக்கு 2-ஆம் எண் ஈயத்தைப் பயன்படுத்தியவர் பிபி என்னும் 4.6 மி.மீ. எஃகு ரவைக்குப் போக வேண்டும். ரவை பருத்தால் தோட்டாவுக்குள் எண்ணிக்கை குறையும். அதை ஈடுகட்ட நீளமான தோட்டா தேவைப்பட்டது. 12 போர் துப்பாக்கிக்கு மூன்றரை அங்குலத் தோட்டா 1988-இல் வந்தது இதனால்தான். வெடிமருந்தின் வேகமும் கூட்டப்பட்டது.

இன்னொரு மாற்றம் பலருக்குப் பிடிபடவே இல்லை. ஈய ரவை குழலில் நசுங்கும். நசுங்கியவை விலகிப் பறந்து, ரவைக் கூட்டம் அகன்றும் நீண்டும் செல்லும். குறி சற்றுப் பிசகினாலும் ஏதோ ஒன்று படும். எஃகு நசுங்காது. கூட்டம் நெருக்கமாகவும் குறுகியும் போகும். எனவே குழலின் வாயில் சோக் எனப்படும் குறுக்கம் ஈயத்துக்குத் தேவைப்பட்ட அளவு வேண்டியதில்லை. பழைய இறுக்கமான சோக்குடன் எஃகைச் சுட்டவர்களின் குழல்கள் சில நுனியில் வீங்கின. மற்றவர்கள் வாத்தைத் தவறவிட்டுத் தோட்டாவைத் திட்டினார்கள். தாத்தாவின் மெல்லிய குழல் துப்பாக்கிக்கு எஃகு இன்றும் ஏற்றதல்ல. அந்த இழப்பு உண்மையானது.

சட்டமும் வழக்கும்

அமெரிக்க மீன், வனவிலங்குப் பணியகம் 1976-இல் பகுதி பகுதியாக எஃகைக் கட்டாயமாக்கத் திட்டமிட்டது. தேசியத் துப்பாக்கிச் சங்கம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. ஆனால் 1978-இல் அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தார். மாநிலம் ஒப்புக்கொண்டால் மட்டுமே மைய அரசு எஃகு விதியை அமல்படுத்த முடியும் என்றானது. வேலை ஏறக்குறைய நின்றது.

அதை மீண்டும் நகர்த்தியது வாத்து அல்ல, வெண்தலைக் கழுகு. அடிபட்டும் நஞ்சேறியும் நலிந்த வாத்துகளைக் கழுகுகள் தின்றன. வாத்தின் உடலிலிருந்த ஈயம் கழுகின் உடலுக்குப் போனது. நாட்டின் சின்னமான அப்பறவை 1978 முதல் 43 மாநிலங்களில் அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் இருந்தது. வாத்துக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பு அதற்கு இருந்தது. தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு இதை வைத்து 1985-இல் வழக்குத் தொடுத்தது. ஐந்து மாநிலங்களில் கழுகுகள் கூடும் சில பகுதிகளில் ஈயத்தை அனுமதிக்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி இடத்துக்கு இடம் வழக்கு வரும் என்று புரிந்துகொண்ட அரசு 1986-இல் நாடு தழுவிய முடிவெடுத்தது. 1987-88 பருவத்தில் தொடங்கி ஐந்தாண்டுகளில் படிப்படியாகத் தடை நிறைவுற்றது.

தடைக்குப் பின்

எஃகுக்கு மாறிய இடைக்காலத்தில், காயமுற்றுத் தப்பிய வாத்துகளின் விகிதம் வேட்டைக்காரர்களின் சொந்த அறிக்கைகளின்படியே உயர்ந்தது. எதிர்த்தவர்கள் சொன்னது அந்த அளவுக்குச் சரி. பின்னர் அது இறங்கி, ஈயக் காலத்தைவிடவும் குறைந்தது. மக்கள் புதிய ரவையைப் பழகிக்கொண்டார்கள், அருகில் வரும்வரை காத்திருக்கக் கற்றார்கள்.

மிசிசிப்பி வலசைப் பாதையில் 1996-97-இல் திரட்டிய மல்லார்ட் அரைவைப்பைகளில் கிடைத்த ரவைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நஞ்சற்றவை. அதன் அடிப்படையில் ஆண்டர்சன், ஹவேரா, செர்ச்சர் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, ஈய நஞ்சால் மல்லார்ட்கள் சாவது 64 விழுக்காடு குறைந்தது என்றும், 1997-இல் மட்டும் 9 கோடி வாத்துகளில் 14 லட்சம் தப்பின என்றும் மதிப்பிட்டது.

கடைகளில் இப்போது தேர்வு கூடியிருக்கிறது. பிஸ்மத், வெள்ளீயக் கலவை ரவை 1997-இல் முழு அனுமதி பெற்றது. அடர்த்தி 9.6, மென்மையானது, பழைய துப்பாக்கிகளுக்கு ஏற்றது, ஆனால் விலை அதிகம். டங்ஸ்டன் வகைகளில் சில 18 அடர்த்தியைத் தொடுகின்றன. அவற்றில் 9-ஆம் எண் போன்ற மிகச்சிறு ரவையே வாத்தைக் கொல்லப் போதும். விலையைக் கேட்டால் பலரும் எஃகுக்கே திரும்புகிறார்கள். புதிய ரவை எதுவானாலும் வாத்துக்கு நஞ்சில்லை என்று மெய்ப்பித்த பின்னரே அனுமதி.

டென்மார்க் 1996-இல் எல்லா வேட்டைக்கும் ஈய ரவையைத் தடை செய்தது. கனடா 1999-இல் வலசைப் பறவை வேட்டைக்குப் பொதுவாகத் தடையை விரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலத் தடை 2023 பிப்ரவரியில் அமலானது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். அங்கே 1999 முதல் வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது. ஆனால் 2013-14-இல் வணிகர்களிடம் வாங்கிச் சோதித்த வாத்துகளில் 77 விழுக்காடு ஈயத்தால் சுடப்பட்டிருந்தன. அமெரிக்காவில் சதுப்புக் காவலர் தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். இங்கிலாந்தில் அப்படிச் சோதிப்பவர் அரிது.

அமெரிக்காவின் தடையும் நீர்ப்பறவைகளோடு நிற்கிறது. புறா, காடை, மான் வேட்டைக்கு ஈயம் பல மாநிலங்களில் இன்றும் செல்லும். 2019 முதல் எல்லா வேட்டைக்கும் அதை விலக்கிய கலிஃபோர்னியா ஒரு விதிவிலக்கு. பழைய சதுப்புகளில் 1991-க்கு முன் விழுந்த ரவைகள் பல இடங்களில் வண்டலுக்குள் ஆழப் புதைந்துவிட்டன. ஏரி வற்றும் ஆண்டுகளிலும் கரையை உழும்போதும் அவை மீண்டும் மேலே வருகின்றன.