1842-இல் எழுதி வைத்தது யார்?

ஆஸ்திரேலியாவின் முதல் புனிதராக 2010-இல் அறிவிக்கப்பட்ட மேரி மெக்கிலப், 1842 ஜனவரி 15 அன்று மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். அவர்களுடைய வேரைத் தேடப் புறப்பட்டதும் நான் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி: அந்த ஆண்டில் பிறப்புகளை எழுதி வைத்தது யார்?

அரசு அல்ல. விக்டோரியாவில் பிறப்பு, இறப்புப் பதிவே 1853-இல்தான் தொடங்கியது. எனவே தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவுதான் கதி. பிறந்து ஆறு வாரத்தில் பெற்ற ஞானஸ்நானத்தில் குழந்தையின் பெயர் மரியா எலன்.

அடுத்து, பெற்றோர். அலெக்சாண்டர் மெக்கிலப் 1838-இல் சிட்னிக்கு வந்தார். ஃபுளோரா மெக்டொனால்ட் 1840-இல் மெல்பர்னுக்கு. அதே ஆண்டில் திருமணம். ஸ்காட்லாந்தில் 1841 ஜூன் மாதம் வீடு வீடாகப் பெயரெழுதிக் கணக்கெடுத்தபோது இருவரும் அங்கே இல்லை. அரசுப் பதிவு தொடங்கிய 1855-இலும் இல்லை. மிஞ்சியவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகள். அது சீர்திருத்தச் சபை, இவர்களோ கத்தோலிக்கர். அந்த ஏட்டில் பெயர் இல்லையென்றால், குடும்பமே அந்த ஊரில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கத்தோலிக்கப் பதிவேடுகளைத் தனியாகப் புரட்ட வேண்டும்.

அலெக்சாண்டருக்கு இன்னொரு தடம் உண்டு. ரோமிலுள்ள ஸ்காட்ஸ் கல்லூரியிலும் அபர்டீன் அருகே பிளேர்ஸ் கல்லூரியிலும் குருத்துவத்துக்குப் படித்து, பட்டம் பெறாமலே வெளியேறியவர் அவர். குருமட ஏடுகளில் மாணவனின் ஊரையும் பெற்றோரையும் குறிப்பது வழக்கம்.

ஃபுளோராதான் கடினம். ஸ்காட்லாந்து ஆவணங்களில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரோடு வருவாள். இது பெரிய உதவி. ஆனால் அவர் வந்த லோகேபர் வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மெக்டொனால்ட். அதனால் வாழ்க்கையின் மறுமுனையிலிருந்து வந்தேன். 1886 மே 30 அன்று கிரீன் கேப் அருகே லை-ஈ-மூன் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. இறந்த 71 பேரில் ஃபுளோராவும் ஒருவர். நியூ சவுத் வேல்ஸ் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேற்ற நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றை நிரப்புவது, தகவல் சொன்னவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான்.

அதனால் அதை ஒற்றைச் சாட்சியாகவே கொள்கிறேன். லோகேபரின் கத்தோலிக்க ஏடும் அதே ஊரையும் அதே பெற்றோரையும் சொன்னால்தான் வம்சாவளியில் அடுத்த தலைமுறையை மையால் எழுதலாம். அதுவரை பென்சில்தான்.